சிரித்தால் ஆமாம், அழுதால் இல்லை

மாங்கோத்தி கிராமத்துக்குப் போகும் செம்மண் பாதையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடம் கிடையாது. மாட்டு வண்டி, மோட்டார் சைக்கிள், தலைநகர் அசுன்சியோனிலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்த வேன் எல்லாம் ஒரே வீட்டு வாசலில் போய் நின்றன. தேவாலயத்தில் பாதிரியார் காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஊர் மொத்தமும், மரியாதையாகத் 'தோன்' சேர்த்து அழைக்கப்படும் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர் கிரிஸ்பினின் மாமரத்தடியில் கூடியிருந்தது.

எதற்கு? அவர் சிரிப்பதைப் பார்க்க. அவர் அழுவதைப் பார்க்க.

அவர் சிரித்தால் ஆமாம். அழுதால் இல்லை. இடையில் பேச்சே கிடையாது. பசுவை விற்கலாமா, மகளை அந்தப் பையனுக்குக் கட்டிக்கொடுக்கலாமா, இந்த வாரக் குலுக்கலில் எந்த எண் விழும் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்வது கிரிஸ்பின் அல்லவாம். அவருக்குள் குடியேறியிருக்கும் பொம்பேரோவாம்! இரவில் உலவும் குள்ளன், உடம்பெல்லாம் ரோமம், யார் கண்ணுக்கும் அகப்படாதவன். அவனுக்குப் புகையிலை பிடிக்கும், தேன் பிடிக்கும், கரும்புச் சாராயம் ரொம்பப் பிடிக்கும். வருகிறவர்கள் எல்லாம் இந்த மூன்றையும் கொண்டுவந்து படைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குள்ளனுக்குப் படைத்த சாராயம், கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற ஓர் ஆளின் வாயில் அன்றாடம் மடக்கு மடக்காக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆளின் பெயர் ஆசான் புல்ஹென்சியோ.

இந்தக் கூட்டத்தின் நடுவே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிரிஸ்பினுக்கு ஒரே ஒரு ஆசை. ஐந்து வாரத்தில் அண்ணன் இலாரியோவுக்கு வருஷத் திதி ஜெபம். அண்ணி பெனிதாவின் வீட்டில் எல்லாரும் மண்டியிட்டு ஜெபமாலை சொல்வார்கள். அங்கே சிரிக்காமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

ஏனென்றால் போன வருஷம் அண்ணனைப் புதைத்த அன்று அவர் சிரித்துவிட்டார். குழிக்குள் சவப்பெட்டி இறங்குகிற நேரத்தில், விலா எலும்பு வலிக்க வலிக்க, மூச்சு முட்ட முட்டச் சிரித்தார். உள்ளே நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது. வெளியே வாய் கொக்கரித்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அன்றிலிருந்தே முகம் அவர் சொல்பேச்சைக் கேட்பதில்லை. இதை எப்படி அண்ணியிடம் சொல்வது? சொல்ல வாயெடுத்தாலே சிரிப்பு வந்து நாக்கைத் தூக்கிக்கொண்டு போனது. பெனிதா கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இனி என் வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள். பதினோரு மாதமாக அந்த வார்த்தை அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் புதைகுழி ஓரத்தில் ஓசிச் சாப்பாட்டுக்காக நின்றுகொண்டிருந்தவன்தான் புல்ஹென்சியோ. அதுவரை லாட்டரிச் சீட்டு விற்றுத் தோற்றவன், பல்செட் விற்றுத் தோற்றவன். "இது மனுசச் சிரிப்பு இல்ல! கல்லறை நம்பரைப் பாருங்க, இருபத்தேழு!" என்று கத்தினான். துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ ஒருவன் இருபத்தேழில் பணம் கட்டினான். விழுந்துவிட்டது! மற்ற வாரங்களில் விழாத எண்களை யார் கணக்கில் வைப்பார்கள்? மறுநாளே புல்ஹென்சியோவுக்கு வெள்ளை அங்கி முளைத்தது.

கிரிஸ்பினின் மனைவி எவ்லாலியா, ஊர் மரியாதைக்கு 'ஞா எவ்லாலியா', கெட்டவள் அல்ல. ஊரார் புருஷனைப் பைத்தியம் என்று சொன்ன நாலு மாதமும் அவள் சந்தைக்குப் போகவில்லை. ஆசான் வந்து, "உங்க வீட்டுக்காரர் பைத்தியம் இல்லம்மா, தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்றதும் நிமிர்ந்து நடந்தாள். பைத்தியக்காரன் பெண்டாட்டியாக இருப்பதைவிடக் குறிசொல்லி பெண்டாட்டியாக இருப்பது எவ்வளவோ கௌரவம் இல்லையா?

தந்திரம் என்னவென்று ஆசானைத் தவிர ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரால் பேச முடியாது. நல்ல சாராயப் புட்டி கொண்டுவந்தவன் கேள்வி கேட்டால் ஆசான் கிரிஸ்பினின் காதருகே குனிந்து, மந்திரம் சொல்கிற சாக்கில், "ஹெ ஹெ ஹெ" என்று தொண்டைக்குள் சிரிப்பான். பக்கத்தில் ஒருவன் சிரித்தால் போதும், கிரிஸ்பினின் வாய் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெறுங்கையோடு வந்தவன் கேட்டால், "இலாரியோ ஆன்மாவே, இலாரியோ..." என்று முணுமுணுப்பான். அண்ணன் பெயர் காதில் விழுந்ததும் கண் கொட்டும். அவ்வளவுதான் பொம்பேரோ!

ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்க்க ஊர் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் மிர்த்தா வந்தாள். குட்டையான பெண், நடையில் மட்டும் அவசரம். கையில் பட்டையைக் கட்டும்போதே கிரிஸ்பினுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தோன் கிரிஸ்பின், ஒண்ணு கேக்கட்டுமா? இப்ப சிரிச்சீங்களே, உங்களுக்குச் சிரிப்பு வந்துதா?"

பதினைந்து மாதத்தில் அவரைப் பற்றி அவரிடமே கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். உடனே பொலபொலவென்று அழுகை வந்தது.

"சரி, அழுது முடிங்க. நான் அதுக்கு அர்த்தம் எல்லாம் சொல்லப் போறதில்ல" என்று மிர்த்தா பட்டையைச் சுருட்டினாள்.

மிர்த்தா அழைத்துப்போன மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார். பக்கவாதம் மூளையில் கடிவாளம் இருக்கிற இடத்தை அடித்துவிட்டது. மனசு ஒரு பக்கம் போக, சிரிப்பும் அழுகையும் தம் இஷ்டத்துக்கு ஓடுகின்றன. பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. மாத்திரை உண்டு. அடியோடு போக்காது, ஆனால் குறைக்கும். இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து பார்த்தார். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம்தான் மருந்துச் சீட்டு.

வீட்டில் மிர்த்தா எவ்லாலியாவை உட்காரவைத்துச் சொன்னாள்: "மொத ஏழு நாளு தினம் ஒண்ணே ஒண்ணு. அப்புறம் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நடுவுல பன்னண்டு மணி நேரம். ஒரு வேளை மறந்துட்டா மறந்ததுதான். மறுவேளைக்கு ரெண்டா சேர்த்துக் குடுக்கக் கூடாது. மயக்கம் வரும், நெஞ்சு படபடக்கும். கடைல இருமல் மருந்து வாங்கினாக்கூட என்னைக் கேட்டுட்டு. வேற என்ன குடிக்கிறாரு? கஷாயம், பழச்சாறு?"

"ஐயோ, ஒண்ணுமில்லம்மா. வெறும் தெரெரேதான்."

தெரெரே என்றால் அந்த நாட்டில் மூச்சு விடுகிற மாதிரி. பச்சிலைத் தூளைக் கொம்புக் குடுவையில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒரே உறிஞ்சு குழலில் வீடே மாறி மாறிக் குடிக்கும். மூச்சு விடுகிறேன் என்று எவளாவது நர்ஸிடம் சொல்வாளா? எவ்லாலியாவும் ஜாடிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. மிர்த்தாவும் அந்த ஊர்ப் பெண்தானே, கேட்கவில்லை.

ஜாடிக்குள் தண்ணீர் இல்லை. தோட்டத்துப் பம்பளிமாஸைப் பிழிந்த சாறு இருந்தது.

மூன்றாம் நாள் சந்தைக் கூட்டத்தில் மாத்திரை மறந்துபோயிற்று. நாலாம் நாள் காலை எவ்லாலியா இரண்டாகக் கொடுத்தாள். மருந்துதானே, கூடக் கொடுத்தால் கூடக் கேட்கும் என்பது அவள் கணக்கு. கசப்பு போக மேலே மூன்று குடுவை பம்பளிமாஸ் தெரெரே வேறு. அன்று ஞாயிறு. நாற்பது பேர் பார்க்க, கிரிஸ்பின் நாற்காலியிலிருந்து எழுந்தார். மாமரம் ஒரு சுற்றுச் சுற்றியது. நெற்றி வேரில் இடித்து ரத்தம் வந்தது.

ஆசானுக்குக் கொண்டாட்டம்! இத்தனை நாளாக அவன் பயந்துகொண்டிருந்ததே அந்தச் சின்ன மாத்திரைப் புட்டிக்குத்தான். குறி சொல்கிற வாய் அடங்கிவிட்டால் அவன் எந்தச் சாராயத்தைக் குடிப்பான்?

"பார்த்தீங்களா! பொம்பேரோ அறைஞ்சுட்டாரு! வெள்ளை மாத்திரையைக் காட்டி விரட்டப் பாத்தீங்கள்ல? அடுத்த தடவை உயிரே போயிரும், ஞா எவ்லாலியா!"

எவ்லாலியா நடுங்கிப்போனாள். மாத்திரைப் புட்டியை மரவள்ளி மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். கட்டுப்போட்ட நெற்றியோடு படுத்திருந்த கிரிஸ்பின் கூரையைப் பார்த்தார். போச்சு. இனி ஜெப வீட்டிலும் சிரிப்பார். அண்ணி சாகும்வரை பேசமாட்டாள். அந்த நினைப்பில் அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு.

செய்தி கேட்டு மிர்த்தா ஓடிவந்தாள். முதல் வேலையாக அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய் மறுபடி இதயத்தைச் சோதிக்கவைத்தாள். நல்லவேளை, பழுதில்லை. திரும்பிவந்து, வீட்டில் அவர் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கச் சொன்னாள். மாத்திரைகள் வந்தன, உப்பு வந்தது, கடைசியாகத் தெரெரே ஜாடி வந்தது. மோந்து பார்த்தாள்.

"இதுவா வெறும் தெரெரே?"

"ஆமாம்மா. தெரெரேதான். பம்பளிமாஸ் போட்ட தெரெரே."

மிர்த்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்தச் சாறு அந்த மருந்தை உடம்பை விட்டுப் போகவிடாது. தேங்கிப்போயிரும். அதோட ரெண்டா வேற குடுத்திருக்கீங்க. யாரு அறைஞ்சாங்கன்னு இப்பத் தெரியுதா? தப்பு என் மேலயும் இருக்கு. ஜாடிக்குள்ள என்னன்னு நான் கேட்டிருக்கணும்."

"ஆனா ஆசான் சொல்றாரே..."

"அவரு சொல்லட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை நானும் ஒரு கேள்வி கேக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. விழுந்து எழுந்த குறிசொல்லிக்கு மவுசு கூடத்தானே செய்யும்! முதலில் வந்தவர் தோன் எவெலியோ. சென்ற மாதம் கிரிஸ்பின் சிரித்ததை நம்பிக் கறவைப் பசுவை விற்றுவிட்டு, இப்போது காளையையும் விற்கலாமா என்று கேட்க வந்திருந்தார். கக்கத்தில் பெரிய புட்டி. ஆசான் குனிந்து முணுமுணுத்தான். கிரிஸ்பின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஆமாம்!" என்று கூட்டம் முழங்கியது.

"ஒரு நிமிசம்" என்று மிர்த்தா முன்னால் வந்தாள். கிரிஸ்பினின் சட்டைப் பையிலிருந்து, அவர் எப்போதும் கூடவே வைத்திருக்கும் பழைய நடுவர் அட்டைகள் இரண்டையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். "முகம்தானே உங்க பேச்சைக் கேக்கல. கை கேக்குதுல்ல? ஆமாம்னா மஞ்சள், இல்லன்னா சிவப்பு. தோன் எவெலியோ காளையை விக்கலாமா?"

முப்பது வருஷம் விசில் ஊதிய கை அது. வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருக்க, கை விறைப்பாக உயர்ந்தது. சிவப்பு!

எவெலியோ வாயைப் பிளந்தார். "என்னய்யா இது, மூஞ்சி விக்கச் சொல்லுது, கை விக்காதேங்குது?"

"இந்தச் சிரிப்பு உங்களோடதா, தோன் கிரிஸ்பின்?" என்றாள் மிர்த்தா.

சிவப்பு.

"பொம்பேரோவோடதா?"

சிவப்பு! இந்தத் தடவை அட்டை ஆசானின் மூக்குக்கு நேராக நீண்டது.

"கையிலயும் பிசாசு ஏறிடுச்சு!" என்று ஆசான் அலறினான். "மருந்துப் பிசாசு!"

"சரி ஆசானே, கையை விட்டுருவோம். மூஞ்சியையே கேப்போம். நீங்க மட்டும் அந்தக் கிணத்துக்கு அப்பால போய் நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது. பொம்பேரோ இவருக்குள்ளதானே இருக்காரு? உங்களுக்குள்ள இல்லையே?"

கூட்டம் அவனைப் பார்த்தது. போகாமல் இருக்க முடியவில்லை. போனான், வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

எவெலியோ மறுபடி கேட்டார். கிரிஸ்பின் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தன் மகள் கல்யாணத்தைக் கேட்டாள். சும்மா இருந்தார். இன்னொருவன் முப்பத்தெட்டு விழுமா என்றான். அந்த நேரம் பார்த்து நாய் ஒன்று தும்மியது. கிரிஸ்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேள்வியே கேட்காதபோது ஒரு கோழி குஞ்சுகளோடு குறுக்கே போயிற்று. உடனே ஓவென்று அழுதார்.

"கோழி என்ன கேட்டுச்சு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மிர்த்தா கிரிஸ்பினின் தோளைத் தொட்டாள். "மன்னிச்சுக்குங்க, ஒரே ஒரு தடவை." அவள் காதருகே குனிந்து "ஹெ ஹெ ஹெ" என்றாள். அவர் சிரித்தார். அடங்கியதும், எல்லாருக்கும் கேட்கும்படி, "இலாரியோ" என்றாள். அழுதார். அவள் நிமிர்ந்தாள்.

"நானும் ஆசானாயிட்டேன். எங்க, எனக்கு யாரும் சாராயம் கொண்டு வரலையா?"

 எவெலியோ புட்டியை ஓங்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினார். "என் பசு எங்கடா, பல்செட்டுக்காரா!" கிணற்றுக்கு அப்பால் மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேலியில் வெள்ளை அங்கி கிழிந்து தொங்கியது. ஆசான் தங்கியிருந்த அறைக்குள் தேடிப்பார்த்தால் பொம்பேரோவின் சாராயப் புட்டிகள், காலியானவை, கட்டிலுக்கு அடியில் அடுக்கடுக்காக! கண்ணுக்குத் தெரியாதவருக்கு என்ன குடி!

எவ்லாலியா மாவு டப்பாவில் கையை விட்டு மாத்திரைப் புட்டியை எடுத்தாள். டாக்டர் மறுபடி பார்த்துச் சரி என்றபின் முதலிலிருந்து தொடங்கினார்கள். தினம் ஒன்று, எட்டாம் நாள் முதல் இரண்டு, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு. ஜாடியில் வெறும் ஐஸ் தண்ணீர். கிரிஸ்பின் எழுந்திருப்பதற்கு முன் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டார். பொறுமையாக இருந்தார்கள். நாளுக்கு இருபது தடவை வந்த சிரிப்பு, மூன்றாம் வாரத்தில் நாலாகக் குறைந்தது. நிதானமாகப் பேசினால் ஒரு வாக்கியம் முழுதாக வந்தது.

இதோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் இந்த ஊரை அறியாதவர். அடுத்த ஞாயிறே வாசலில் மறுபடி கூட்டம்! இம்முறை கேள்வி கேட்க அல்ல, மாத்திரை கேட்க.

"என் பொண்டாட்டி எதுக்கெடுத்தாலும் அழுவா. ரெண்டு குடு கூட்டாளி."

"என் மருமகன் சும்மா சும்மா சிரிக்கிறான். அவனுக்கும் ஒண்ணு."

ஆசான் இடத்தில் மாத்திரையைக் கும்பிடத் தயாராகிவிட்டார்கள். மிர்த்தா வாசலை மறித்து நின்றாள்.

"உங்க பொண்டாட்டி அழுவுறதுக்கு நீங்கதான் காரணமா இருக்கும்! இது தோன் கிரிஸ்பினோட மூளைக்கு, அவரோட இதயத்தைப் பார்த்துக் குடுத்தது. உங்க இதயத்தை யாரு பார்த்தா? இன்னொருத்தர் மருந்தை முழுங்கறவன் ஆசானை விடப் பெரிய ஆபத்து, போங்க வீட்டுக்கு!"

ஐந்தாவது வாரம் கிரிஸ்பின் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றார். பெனிதா வழி விடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஊரே எட்டிப்பார்க்க, அவர் பின்வரிசையில் மண்டியிட்டார். மூன்றாவது ஜெபத்தில் வாய் ஓரம் துடித்தது. மருந்து எல்லாவற்றையும் அழித்துவிடாது என்று மிர்த்தா சொல்லியிருந்தாள். தரையைப் பார்த்து மெல்ல மூச்சை இழுத்து விட்டார். துடிப்பு வந்த வழியே போயிற்று.

ஜெபம் சொல்பவர் கடைசியாக இலாரியோவின் பெயரைச் சொன்னார். அப்போது கிரிஸ்பின் அழுதார். கத்தவில்லை, குலுங்கவில்லை. கண்ணிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.  பெனிதா எழுந்துவந்து அவர் முன்னால் குனிந்தாள்.

"இது யாரோட அழுகை, கிரிஸ்பின்?"

"என்னோடது, அண்ணி." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அன்னிக்கும்... உள்ள அழுகைதான் இருந்துச்சு."

பெனிதா அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை, இருவருக்கும் சேர்த்து.

பின்னால் எவெலியோ பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார். "அழுதுட்டாருய்யா! அப்போ இல்லைன்னு அர்த்தம். எது இல்லை?"

பெனிதா கண்ணைக்கூடத் துடைக்காமல் திரும்பினாள்.

"அவரோட அண்ணன் செத்துட்டாரு, அதான் அழுறாரு. இதுக்கு அர்த்தம் சொல்லவும் ஒரு ஆசான் வேணுமா உமக்கு? பசுவை வித்தீரு, சரி. கழுத்துக்கு மேல இருக்கிறதையும் கூடவே வித்துட்டீரா?"